கர்ப்பிணிகளை வரிசையின் கடைசியில் நிறுத்தியது யார்?

"அமெரிக்காவிலேயே கர்ப்பிணிகளுக்குக் கொரோனா ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாமே! அப்படியானால் அன்றைக்கு நம் வீட்டுப் பெண்களுக்குப் போட்டதெல்லாம் தப்புத்தானே?"

பாகூர் கடைத்தெருவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கும் தோழர்கள் நம்மிடம் கேட்ட கேள்வி இது. வில்லியனூர்ப் பக்கம் போனபோதும் இதே கேள்வியைக் கேட்டோம். கேட்டவர்கள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. மனைவியோ மகளோ மருமகளோ அந்த நாட்களில் வயிற்றுப் பிள்ளையோடு இருந்தவர்கள் கேட்கிறார்கள். ஆகவே இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சேதி மெய்தான். 2025-ம் ஆண்டு மே 27-ம் தேதி, அமெரிக்க சுகாதார மந்திரி ராபர்ட் கென்னடி, ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைச் சிபாரிசு செய்வதை நிறுத்திவிட்டதாக அறிவித்தார். இவர் மறைந்த ஜனாதிபதி கென்னடியின் தம்பி மகன். தொழிலால் வக்கீல், டாக்டர் அல்லர். பல வருஷங்களாகவே தடுப்பூசிகள் மீது சந்தேகம் கிளப்பி வருபவர். அந்த அறிவிப்பை அந்த நாட்டு மகப்பேறு டாக்டர்களின் சங்கமே எதிர்த்தது. ஆனால் எதிர்த்த சேதி நம் டீக்கடைக்கு வந்து சேரவில்லை. மந்திரியின் சேதி மட்டும் கைப்பேசி வழியாக ஒரே ராத்திரியில் வந்து சேர்ந்துவிட்டது! அதே மே, ஜூன் மாதங்களில் நம் நாட்டிலும் தொற்று மீண்டும் தலைகாட்டிற்று என்பதைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு மந்திரி வாய் திறந்து சொல்லிவிட்டதாலேயே, ஆஸ்பத்திரி ஏடுகளில் எழுதப்பட்ட மரணக் கணக்குகள் அழிந்துவிடுமா? அந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

மூச்சு சம்பந்தப்பட்ட கொள்ளைநோய் வந்தால் கர்ப்பிணிகள் அதிகம் சாவார்கள் என்பது 2020-ல் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமல்ல. 1918-ல் விஷ ஜுரம் உலகைச் சூறையாடியது. நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களை அது கொண்டு போயிற்று. அப்போது அமெரிக்காவில் 1,350 கர்ப்பிணிகளைப் பற்றித் திரட்டி 1919-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. அவர்களில் நூற்றுக்கு 27 பேர் மாண்டார்கள். நிமோனியா கண்டவர்களில் பாதிப் பேர் பிழைக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முந்திய இந்தப் பாடம் டாக்டர்கள் புத்தகத்திலே இருந்தது. திட்டம் போட்டவர்கள் மேஜை மீது இல்லை.

கொரோனா அவ்வளவு கொடூரமாக இருக்கவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். தொற்று வந்த கர்ப்பிணிகளில் மிகப் பெரும்பாலோர் குணமடைந்து, சுகமாகப் பிள்ளை பெற்று வீடு திரும்பினார்கள். பலருக்கு நோய் இருந்ததே தெரியாது. ஆனால் நோய் முற்றியவர்கள் கதை வேறு. அமெரிக்காவில், நோய்க்குறி கண்ட சுமார் 4 லட்சம் பெண்களின் கணக்கை 2020 நவம்பரில் வெளியிட்டார்கள். அதே வயதுள்ள மற்றப் பெண்களைக் காட்டிலும் கர்ப்பிணிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தது மூன்று மடங்கு. செயற்கை சுவாசக் கருவி தேவைப்பட்டதும் ஏறத்தாழ மூன்று மடங்கு. மரணம் ஒன்றே முக்கால் மடங்கு. 2021 ஏப்ரலில் 18 நாடுகளின் ஆஸ்பத்திரிகளிலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. தொற்று கண்ட 706 கர்ப்பிணிகளையும், தொற்றில்லாத 1,424 கர்ப்பிணிகளையும் ஒப்பிட்டார்கள். தொற்று கண்டவர்களிடையே குறைமாதப் பிரசவம் கூடுதல்; கர்ப்பகால ரத்தக் கொதிப்பு கூடுதல்; மரணமோ 22 மடங்கு!

இதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். மும்பையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எடுத்த கணக்கு இதோ: முதல் அலையில் 1,143 கர்ப்பிணிகள், இரண்டாம் அலையில் 387 கர்ப்பிணிகள். முதல் அலையில் மாண்டவர்கள் நூற்றுக்கு 0.7 பேர். இரண்டாம் அலையில் நூற்றுக்கு 5.7 பேர். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு இது. வீட்டில் இருந்தபடியே குணமானவர்கள் இதில் சேரமாட்டார்கள். அப்படியிருந்தும், ஓர் ஆண்டுக்குள் எட்டு மடங்கு ஏற்றம் என்பது சாதாரண விஷயமா? 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டை உலுக்கிய அந்த டெல்டா கிருமி, வயிற்றில் பிள்ளை சுமந்தவளிடம் எத்தனை மூர்க்கமாக நடந்துகொண்டது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும்.

ஏன் இப்படி? கூலிக்காரனுக்கும் புரியும் விஷயம்தான். மூட்டை தூக்குகிறவன் வெறுங்கையோடு நடப்பவனைவிட அதிகம் மூச்சு வாங்குகிறான் அல்லவா? கர்ப்பிணி பத்து மாதமும் மூட்டை சுமப்பவள். அவள் உடம்புக்குப் பிராணவாயு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதே சமயம், வளரும் கருப்பை கீழிருந்து நெஞ்சைத் தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது. தேவை கூடுதல், கையிருப்புக் குறைவு. அந்த நிலையில் நுரையீரலில் நோய் இறங்கினால் மற்றவர்களுக்கு மூன்று நாளில் வரும் இழுப்பு அவளுக்கு ஒரே நாளில் வந்துவிடலாம். இரண்டாவது காரணம் ரத்தம். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாதபடி, கர்ப்ப காலத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மையை அடைகிறது. இது இயற்கை செய்து வைத்த பாதுகாப்பு. கொரோனாவும் ரத்தத்தை உறைய வைக்கும் நோய். இரண்டும் சேர்ந்தால் நுரையீரலிலோ மூளையிலோ கட்டி அடைக்கும் அபாயம்.

வயிற்றுப் பிள்ளை விஷயம் என்ன? தாயிடமிருந்து பிள்ளைக்கு நோய் தொற்றுவது அபூர்வம். நூறு பிள்ளைகளில் இரண்டுக்கும் குறைவு. ஆனால் கிருமி பிள்ளையைத் தொடாமலே பிள்ளைக்குக் கேடு செய்யும் வழி ஒன்று இருக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே நிற்பது நஞ்சு. சிலருக்கு அந்த நஞ்சையே கிருமி புண்ணாக்கிவிடுகிறது. ரத்தம் போகும் வழி அடைபட, பிள்ளை உள்ளேயே மூச்சடங்கிவிடுகிறது. அமெரிக்காவில், டெல்டா பரவிய மாதங்களில், தொற்றோடு பிரசவித்தவர்களுக்குப் பிள்ளை செத்துப் பிறப்பது மற்றவர்களைவிட நான்கு மடங்காக இருந்தது என்று 2021 நவம்பரில் கணக்கு வந்தது.

இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். தொற்று என்றாலே வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுக்க வேண்டும், பிறந்ததும் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும், தாய்ப்பால் விஷம் என்றெல்லாம் ஊர் நெடுகப் பேச்சு. உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கு நேர்மாறாகச் சொல்லிற்று. தொற்று ஒன்றே ஆபரேஷனுக்குக் காரணமாகாது. தாய் முகக்கவசம் அணிந்து, கை கழுவிப் பாலூட்டலாம், பாலூட்ட வேண்டும். சீம்பால் மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கொரோனா கெடுதல் செய்யவில்லை. வதந்திதான் கெடுதல் செய்தது.

இனி, தலைப்பில் நாம் கேட்ட கேள்விக்கு வருவோம்.

நம் நாட்டில் தடுப்பூசி 2021 ஜனவரி 16-ம் தேதி ஆரம்பமாயிற்று. கர்ப்பிணிகள் அதிலிருந்து விலக்கப்பட்டார்கள். என்ன காரணம்? ஊசியைப் பரிசோதித்தபோது கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லையாம். அதனால் அவர்களுக்குப் பத்திரமா என்று தெரியாதாம். பரிசோதனையில் சேர்க்காதது கம்பெனிகள் செய்த தீர்மானம். அதற்கான தண்டனை யாருக்கு? சேர்க்கப்படாத பெண்களுக்கே! எச்சரிக்கை தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் தாலிடோமைடு என்ற மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து, கைகால் குறைந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிறந்ததை உலகம் மறக்கவில்லை. ஆனால் இங்கே தராசின் மறு தட்டில் கொல்லும் நோய் ஒன்று உட்கார்ந்திருந்ததே! அமெரிக்காவில் 2020 டிசம்பரிலேயே, விரும்பும் கர்ப்பிணி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பிரிட்டனில் 2021 ஏப்ரல் 16-ம் தேதி அனுமதி வந்தது. இங்கே நிபுணர் குழு மே மாதத்திலேயே பரிந்துரை செய்தும், டில்லி சர்க்கார் அனுமதி அளித்தது ஜூலை 2-ம் தேதி.

ஜனவரி 16 முதல் ஜூலை 2 வரை 167 நாட்கள். அந்த 167 நாட்களுக்குள்தான் இரண்டாம் அலை வந்தது, உச்சிக்குப் போயிற்று, இறங்கிற்று. வெள்ளம் வடிந்த பிறகு படகு வந்து சேர்ந்தது.

அந்த மாதங்களில் நம் புதுச்சேரியின் நிலைமை என்ன? 2021 பிப்ரவரி 22-ம் தேதி நாராயணசாமி மந்திரிசபை கவிழ்ந்தது. 25-ம் தேதி முதல் ஜனாதிபதி ஆட்சி. ஏப்ரல் 6-ம் தேதி தேர்தல். கூட்டமும் ஊர்வலமுமாக ஊரே திரண்டு முடிந்தபோது தொற்று ஏறிக்கொண்டிருந்தது. இதில் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் பங்கு உண்டு. நம்மவர்கள் விலக்கு என்று சொல்ல மாட்டோம். மே 7-ம் தேதி ரங்கசாமி முதல் மந்திரியாகப் பதவியேற்றார். இரண்டே நாளில் அவருக்கே தொற்று கண்டு சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நோய் வந்தது அவர் குற்றமல்ல. ஆனால் மற்ற மந்திரிகள் பதவியேற்றது எப்போது? ஜூன் 27-ம் தேதி! 51 நாட்கள், யாருக்கு எத்தனை நாற்காலி என்ற பேரம் நடந்தது. நாட்டிலேயே பிணம் எரிக்க இடமில்லாத அந்த 51 நாட்களில், புதுச்சேரிக்குத் தனியாக ஒரு சுகாதார மந்திரி கிடையாது.

மேலே அப்படி என்றால் கீழே? கம்யூன் பஞ்சாயத்துக்குத் தேர்தல் 1968-ல் நடந்தது. அப்புறம் 38 வருஷம் கழித்து 2006-ல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்துபோயிற்று. கொரோனா வந்தபோது வில்லியனூர்க் கம்யூனிலும் பாகூர்க் கம்யூனிலும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2021 கடைசியில் தேர்தல் அறிவித்தார்கள்; அது வழக்கிலே சிக்கி நின்றுபோயிற்று. இதற்கும் கர்ப்பிணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையச் சம்பந்தம் உண்டு. எந்தத் தெருவில் எந்த வீட்டில் எட்டு மாதக்காரி இருக்கிறாள், அவளுக்கு ராத்திரியில் வண்டி பிடிக்க யார் இருக்கிறார்கள் என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரியும், செக்ரடேரியட்டுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நர்சம்மாவும் அங்கன்வாடி அம்மாவும் மட்டும்தான். அவர்களையும் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கவும், தொற்றுக்காரர் வீட்டைக் கண்காணிக்கவும் அனுப்பினார்கள். அவர்கள் ஓய்வில்லாமல் உழைத்தார்கள்; அந்த உழைப்புக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் ஒரே ஆளை இரண்டு இடத்தில் நிறுத்த முடியுமா?

புதுச்சேரியில் வீட்டுப் பிரசவம் என்பது ஏறக்குறைய மறைந்துவிட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயம். பாகூர்க் கம்யூன் எல்லைக்குள்ளேயே பெரிய தனியார் மருத்துவக் கல்லூரிகள் நிற்கின்றன. வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரி அருகே இன்னொன்று. சர்க்கார் தரப்பில் எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரி; கதிர்காமத்தில் மருத்துவக் கல்லூரி; கோரிமேட்டில் ஜிப்மர். கட்டிடத்துக்குக் குறைவில்லை. ஆனால் கதிர்காமம் கொரோனா ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டது. பாகூரிலிருந்து பட்டணத்துக்கு இருபது கிலோமீட்டர். ஊரடங்கில் பஸ் இல்லை. அதோடு நம் நிலவமைப்பு வேறு! நாலு கல் நடந்தால் கடலூர் மாவட்டம், திரும்பினால் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன இந்த ஒட்டுத்துணி எல்லைகளில் இரு பக்கமும் தடுப்புக் கட்டை போட்டார்கள். பிரசவ வலி எடுத்தவள் எந்த மாநிலத்துப் போலீஸ்காரரிடம் அட்டையைக் காட்டுவது? பரிசோதனை முடிவு வரவில்லை என்பதற்காகப் பிரசவத்தைத் தாமதிக்கக்கூடாது என்று ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 மே மாதமே எழுத்து மூலம் சொல்லியிருந்தது. அந்த எழுத்து எத்தனை வாசல்களுக்கு வந்து சேர்ந்தது?

கூலிப் பிரச்சினை இதற்கும் அடியிலே கிடக்கிறது. 1936 ஜூலை 30-ம் தேதி பன்னிரண்டு தொழிலாளர்கள் குண்டடிபட்டு மாண்டு, எட்டு மணி நேர வேலையைப் பெற்றுத் தந்த மண் இது. (அந்த நாளில் கொடி கட்டிப் பறந்த மில்களில் ஏ.எப்.டி. 2020-ல், கொரோனா வருஷத்திலேயே, மூடப்பட்டது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.) பிரசவகாலச் சலுகைச் சட்டம் 1961-ல் வந்தது, 2017-ல் அதைத் திருத்தி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றார்கள். யாருக்கு? பத்துப் பேர் வேலை செய்யும் ஸ்தாபனத்தில் பெயர் உள்ளவளுக்கு. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடுபவளுக்கும், வில்லியனூரில் சுடுமண் பொம்மைக்குக் களிமண் பிசைபவளுக்கும், செங்கல் சுமப்பவளுக்கும் பெயர் எழுதிய ரிஜிஸ்தர் எங்கே இருந்தது? தவணை தவணையாக வந்த 5,000 ரூபாய் உதவிதான் அவர்களுக்கு. ஏழாம் மாதத்தில் வீட்டிலிரு, கூட்டத்துக்குப் போகாதே என்று டாக்டர் சொன்னார். அடுப்பு போ என்றது.

ஊசிக்கு அனுமதி வந்த பிறகும் நம் கிராமங்களில் பெண்கள் தயங்கினார்கள். தயங்காமல் என்ன செய்வார்கள்? ஐந்தரை மாதம் "உனக்கு ஆகாது" என்று சொன்ன அதே சர்க்கார், ஜூலை 3-ம் தேதி காலையில் "உனக்கு அவசியம்" என்கிறது! மாமியார் வேண்டாம் என்கிறாள். புருஷன் "பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறான். பிறகு 2021 டிசம்பரில், 1973-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, புதுச்சேரியில் எல்லோருக்கும் ஊசி கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட, நர்சம்மா திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசுவது மேலானது என்பது நம் கருத்து. அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் ஆள் போடவில்லை.

ஊசி பயன்பட்டதா என்றால், பயன்பட்டது. ஒமிக்ரான் கிருமி வந்தபின் 18 நாடுகளில் 4,618 கர்ப்பிணிகளைக் கவனித்து 2023-ல் வெளியிட்ட கணக்கில், இரண்டு தவணை போட்டவர்களுக்குக் கடுமையான சிக்கல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மூன்றாவதும் போட்டவர்களுக்கு நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. தாய்க்குப் போட்ட ஊசியின் எதிர்ப்புச் சக்தி நஞ்சு வழியாகப் பிள்ளைக்கும் போய், பிறந்த முதல் ஆறு மாதம் துணை நிற்கிறது. டீக்கடைத் தோழர்களுக்கு நம் பதில் இதுவே: அன்று போட்டது தப்பல்ல, அன்று தாமதித்ததுதான் தப்பு.

இனி ஒரு வார்த்தையை நாம் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. படிப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், எழுதுபவர்களும் அப்படியே. கர்ப்பிணி வீட்டில்தானே இருந்தாள்? நோய் அவளிடம் எப்படி வந்தது? தொழிற்பேட்டைக்குப் போய் வந்தவன், சாராயக்கடை வரிசையில் நின்றவன், தேர்தல் கூட்டத்தில் கோஷம் போட்டவன், தெர்மாமீட்டரில் காய்ச்சல் காட்டியும் "ஒன்றுமில்லை" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன், அவன்தான் சுமந்து வந்தான். அவனில் நாமும் உண்டு. முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டு, மேடையில் சர்க்காரைக் கண்டித்த தோழர்களை நாம் பார்த்திருக்கிறோம். சர்க்காரைக் கண்டித்தது சரி. தாடையில் தொங்கவிட்டது சரியல்ல.

உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ம் தேதி அவசர நிலையை முடித்துவிட்டது. இன்றைய கிருமி டெல்டா அல்ல. அபாயம் பெரிதும் தணிந்திருக்கிறது. ஆனாலும் கர்ப்பிணியின் நுரையீரலும் ரத்தமும் மாறிவிடவில்லை. கொரோனாவோ, விஷ ஜுரமோ, வேறு எதுவோ, காய்ச்சலும் இருமலும் கண்ட கர்ப்பிணியை "சளிதான்" என்று வீட்டில் வைத்திருக்கக்கூடாது. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி 95-க்குக் கீழே காட்டினால், ராத்திரியானாலும் வண்டி பிடிக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கித் தரக்கூடாது. கொரோனாவுக்கென்று விற்ற மோல்னுபிராவிர் கர்ப்பிணிக்கு ஆகாத மருந்து. மூச்சு வாங்கினால், பிள்ளை அசைவு குறைந்தால், கால்முகம் வீங்கித் தலை வலித்தால் மறுநாள் வரை பொறுக்கக்கூடாது.

சர்க்காரிடம் நாம் கேட்பது சில. 2020, 2021, 2022 ஆகிய மூன்று வருஷங்களில் வில்லியனூர், பாகூர் உட்பட ஐந்து கம்யூன்களிலும் கர்ப்பத்திலோ பிரசவத்திலோ மாண்ட ஒவ்வொரு தாயின் கணக்கையும், பெயர் இல்லாமல், காரணத்தோடு, கம்யூன் வாரியாக மக்கள் முன் வைக்க வேண்டும். ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரிக்க வேண்டுமென்று டில்லி சர்க்காரின் 2017-ம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்கிறது. ஆகவே இது புதுச் சுமையல்ல. அடுத்த கொள்ளைநோயில் நர்சம்மாக்களை வேறு வேலைக்கு இழுக்காமல், கர்ப்பிணிகளுக்கென்றே ஒதுக்கும் உத்தரவை இப்போதே எழுதி வைக்க வேண்டும். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு பேசி, பிரசவ வண்டிக்கு எந்தத் தடுப்புக் கட்டையும் கிடையாது என்ற ஒப்பந்தம் வேண்டும். புது ஊசி, புது மருந்து எதையும் பரிசோதிக்கும்போது, சம்மதிக்கும் கர்ப்பிணிகளையும் உரிய பாதுகாப்போடு சேர்க்கும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டியது டில்லியின் வேலை.

கிளைத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் இன்று எத்தனை கர்ப்பிணிகள், யார் வீட்டில் வண்டி இல்லை, உப ஆரோக்கிய நிலையத்தில் விரல் கருவி வேலை செய்கிறதா என்ற மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.